சரித்திரத்தில் விழுந்த இடி

துலாம் மாசம், அதான் ஐப்பசி, பொறந்துட்டா எங்க ஊர்ல மத்தியானம் மூணு மணிக்கு மேல இடி நிச்சயம். முதல் இடி விழுந்ததும் ஒவ்வொரு வீட்லயும் ஒரே ஓட்டம். டிவி பிளக்கைப் பிடுங்கு, ஃப்ரிட்ஜைப் பிடுங்கு, மிக்சியைப் பிடுங்கு. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு ஜெபமாலையோட உட்காருவாங்க. ஆனா கம்ப்யூட்டர் பின்னாடி சொருகியிருக்கிற இன்டர்நெட் வயரை மட்டும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. கேட்டா, "அதுல கரண்டு ஓடலையே லதிகா"ம்பாங்க. அது மின்னலுக்குத் தெரியுமா? வெளியில கம்பத்துல இறங்கி, அந்த வயர் வழியா சாவகாசமா வீட்டுக்குள்ள வந்து, போர்டைக் கருக்கிட்டுத்தான் போகும்.

நான் இந்த ஊர்ல இருபத்தோரு வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சு, பில் பின்னாடி ரப்பர் ஸ்டாம்பே குத்திக் குடுத்தேன்: "இடி இடித்தால் எல்லா வயரையும் பிடுங்கவும். எல்லா வயரையும்." படிச்சாத்தானே?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோரா சார் போன் பண்ணினார்.

"லதிகா, கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குது."

"இன்டர்நெட் வயரைப் பிடுங்கினீங்களா சாரே?"

"அதுல கரண்டு ஓடலையே!"

"சரி விடுங்க. எழுதினதுக்குக் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?"

"எடுக்காம? ஜாக்கிரதையா வெச்சிருக்கேன். அதே கம்ப்யூட்டர்ல, இன்னொரு போல்டர்ல."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். பையைத் தூக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கோரா சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எழுபத்தொரு வயசு. பதினோரு வருஷமா 'ஈட்டிமூட்டில்'ங்கிற அவரோட குடும்பத்துச் சரித்திரத்தை எழுதிட்டிருக்கார். எங்க பக்கத்து கிறிஸ்தவ வீடுகளுக்கு இது ஒரு வியாதி. குடும்பத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், வருஷத்துக்கு ஒருதடவை கூடி பீஃபும் அப்பமும் சாப்பிடறது, கடைசியில ஒரு தடிப் புத்தகம். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்துல புனித தோமா நேரா வந்து ஞானஸ்நானம் குடுத்திருப்பார். அப்புறம் ஆம்பிளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு வரி: இன்ன வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தது.

அந்த ஒரு வரிக்குக் கூட வழியில்லாத ஒருத்தி அந்தக் குடும்பத்துல உண்டு. பேரு ஏலியாம்மா. கோரா சாரோட கூடப் பொறந்த தங்கச்சி. காலேஜுக்குப் போன பஸ்ஸை ஓட்டின சுகதனைக் கட்டிக்கிட்டு வீட்டை விட்டுப் போனவ. சுகதன் ஈழவ ஜாதி, இந்து, கோயிலுக்குப் போறவர். அன்னிக்கு சாத்தின கதவு நாற்பத்தாறு வருஷமா திறக்கலை. அந்த ஏலியாம்மாதான் என் அம்மா. சுகதன் என் அப்பா, அவர் போய் ஆறு வருஷமாச்சு.

அப்போ கோரா சார் எனக்கு யாரு? தாய்மாமன். ஒன்பது வருஷம் முன்னாடி, ரிப்பேருக்குன்னு போன் வந்து போனேன். கதவைத் திறந்தவர் என் மூக்கைப் பார்த்தார். நான் அவர் மூக்கைப் பார்த்தேன். ரெண்டும் ஒரே அச்சு. "கம்ப்யூட்டர் அந்த ரூம்ல இருக்கு"ன்னார். அன்னியிலேருந்து அவர் எனக்கு சார், நான் அவருக்கு லதிகா. போவேன், பார்ப்பேன், அவர் மனைவி சோசம்மா டீச்சர் குடுக்கிற காப்பியைக் குடிப்பேன், வருவேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான்.

புத்தகம் வரப்போற சேதி தெரிஞ்சதும் அம்மா ஒண்ணுதான் சொன்னா. "என்னைப் போடலைன்னா போகட்டும்டி. இந்த மாதிரிப் பொண்ணுங்களை இளம் வயசுல செத்துட்டாங்கன்னு எழுதுவாங்க. அதை மட்டும் எழுதாம இருந்தா போதும்." சொல்லிட்டு மீன் கழுவப் போயிட்டா. அவ முதுகைப் பார்த்துட்டு நின்னேன். அந்தப் புத்தகத்துல அம்மா உயிரோட இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. ஆனா நான் யார் பைலையும் திறக்க மாட்டேன். தொழில்ல அது ஒரு சத்தியம். ஒன்பது வருஷத்துல அவர் எழுதினதுல ஒரு வரி நான் படிச்சதில்லை.

சார் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். எறும்புக் கூடு ஒண்ணு, காஞ்ச பல்லி ஒண்ணு, பூச்சி வராம இருக்க டீச்சர் போட்ட அந்துருண்டை நாலு. இன்டர்நெட் வயர் சொருகற இடத்துல போர்டு கரிக்கட்டை.

"போர்டு போச்சு சாரே. டிஸ்க்ல உயிர் இருக்கான்னு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்."

"வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள பிரஸ்ஸுக்குப் போகணும். பதினோரு வருஷ வேலை. என் மானம் உன் கையில இருக்கு."

என்கிட்ட போய் மானத்தைப் பத்திப் பேசறார். வாய்வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு டிஸ்கைக் கழட்டினேன்.

புதன்கிழமை காலையில டிஸ்கை என் மிஷின்ல மாட்டினேன். சுத்துது, சத்தம் கித்தம் இல்லை. ஆனா மின்னல் அடிச்ச நேரத்துல மிஷின் ஓடிட்டிருந்திருக்கணும், எந்தப் பைல் எங்க இருக்குங்கிற பட்டியலே அழிஞ்சு கிடந்தது. இதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் உண்டு. அழிஞ்சது, அழிச்சது எல்லாத்தையும் தோண்டி எடுக்கும், ஆனா பேர் இல்லாம வெறும் நம்பரோட எடுக்கும். மத்தியானம் வரைக்கும் ஓடி, பதினேழு பைல் வந்தது. பதினேழும் குடும்ப சரித்திரம்தான். எது கடைசி?

தேதியைப் பார்த்தேன். பதினேழுக்கும் ஒரே தேதி, 2007 ஜனவரி ஒண்ணு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. பிளக்கைப் பிடுங்கினாலும் மிஷினுக்கு நாள் மறக்காம இருக்கறதுக்கு உள்ளே நாலணா அளவுல ஒரு பேட்டரி செல் உண்டு. அது தீர்ந்தா மிஷின் தன்னைச் செஞ்ச வருஷத்துக்கே திரும்பிடும். இது தீர்ந்து மூணு வருஷமாச்சு. மாத்திடவான்னு கேட்டப்போ, "தேதி பார்க்கத்தான் சுவத்துல காலண்டர் இருக்கே"ன்னுட்டார். தினம் பிளக்கைப் பிடுங்கற வீடு. அந்த மிஷின் தினம் காலையில எழுந்து இன்னிக்கு 2007ன்னு நினைச்சிருக்கு.

வேற வழியில்லை. திறந்து படிச்சுத்தான் ஆகணும்.

பைலுக்குப் பைல் ஒப்பிட்டேன். பதினேழுலயும் முந்நூத்திப் பன்னிரண்டு பக்கம் அச்சு மாறாம ஒண்ணுதான். எல்லாம் எப்பவோ முடிஞ்ச வேலை. மாறினது ஒரே ஒரு இடம். அப்புறம் மனுஷன் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த ஒரு இடத்தைத்தான் அடிச்சுத் திருத்தியிருக்கார்.

ஒண்ணுல: "இளைய மகள் ஏலியாம்மா இளம் வயதில் காலமானாள்."

இன்னொண்ணுல அந்தப் பேரே இல்லை.

மூணாவதுல ஒன்றரைப் பக்கம். மீனச்சில் ஆத்துல வெள்ளம் வந்த வருஷம், நீச்சல் தெரியாத அண்ணனைத் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துக் கரை சேர்த்தது பத்து வயசு ஏலியாம்மாவாம். "எங்கள் வீட்டில் தகப்பனாரை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் அவள், நாங்கள் ஆண்பிள்ளைகள் நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்" அப்படின்னு எழுதியிருக்கார். கடைசியில, "தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டாள்." யாரைன்னு இல்லை. அங்க ஒரு வரி காலியா கிடந்தது.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுல செத்திருந்தா. ஆறுல உயிரோட இருந்தா. ரெண்டுல பொறக்கவே இல்லை. ஒன்றரைப் பக்கம் எழுதறார், அழிக்கறார், கொல்றார், திரும்ப எழுப்பறார். எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. ஒன்பதையும் அழிச்சுடலாம்னு கை போச்சு. யாருக்குத் தெரியப்போகுது? மின்னல் தின்னுடுச்சுன்னா முடிஞ்சது.

அம்மா பின்னாடி வந்து நின்னது எனக்குத் தெரியலை. கண்ணாடி போட்டுக்கிட்டு முழு ஒன்றரைப் பக்கத்தையும் படிச்சா. "தலைமுடி இல்லடி, காதைப் பிடிச்சு இழுத்தேன்"ன்னா.

"மத்ததை அழிச்சுடறேன்மா."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? உன்னை ஒன்பது தடவை கொன்னிருக்கான் அந்த ஆளு!"

"அழிச்சுக் குடுத்தா, அது நீ எனக்குப் போட்ட பிச்சை. அவன் கையால வரணும். வராட்டி எனக்கு வேண்டாம்." கண்ணாடியைக் கழட்டிக்கிட்டு உள்ளே போனா. வாசல்ல நின்னு, "எழுதறதா இருந்தா உங்கப்பா பேரோட எழுதச் சொல்லு. அவர் இல்லாம நான் அந்தப் புத்தகத்துல ஏற மாட்டேன்"ன்னு சொல்லிட்டுப் போனா.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பழைய போர்டு ஒண்ணைக் கொண்டுபோய் அவர் பெட்டியில மாட்டி, டிஸ்கைச் சொருகினேன். செல்லும் புதுசு போட்டேன், அவரைக் கேட்கலை. ஸ்கிரீன்ல பதினேழும் வரிசையா வந்தது. கோரா சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எது கடைசி?"

"மிஷினுக்குத் தெரியாது சாரே. தேதி எல்லாம் ஒண்ணு. திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்."

அவர் மெதுவா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ திறந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

கையிலிருந்த பேனா நழுவிக் கீழ விழுந்தது. எடுக்கக் குனியலை.

"மிஷினுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல சாரே? கடைசியா எதை அடிச்சீங்க?"

ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "காலமானாள்னு. செவ்வாய்க்கிழமை. குடும்பச் சங்கத் தலைவர் போன் பண்ணினார், அவளைப் பத்தி முடிவு பண்ணிட்டியான்னு. அடிச்சு சேவ் பண்ணினேன். இடி விழுந்தது."

காப்பியோட வந்த சோசம்மா டீச்சர் வாசப்படியிலேயே நின்னுட்டாங்க. "உசிரோட இருக்கிற கூடப்பொறந்தவளைக் கொன்னா இடி விழாம பூவா விழும்?"

"நீ சும்மா இரு."

"நாற்பத்தாறு வருஷமா சும்மாத்தானே இருந்தேன்! என்ன கண்டேன்? காலையில எழுதறீங்க, எவனாவது போன் பண்ணினா மத்தியானம் அழிக்கறீங்க. தலைவரைக் கேட்டு எழுதற சரித்திரத்துக்கு நீங்க எதுக்கு, தலைவரே எழுதிக்கட்டுமே."

எனக்கு அதுக்கு மேல அடக்க முடியலை. "எங்கம்மா சாகலை சாரே. இன்னிக்குக் காலையில புட்டுல உப்பு இல்லைன்னு என்கிட்ட சண்டை போட்டுட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க எழுதின ஒன்றரைப் பக்கத்தைப் படிச்சா. தலைமுடி இல்லை, காதைப் பிடிச்சு இழுத்தாளாம்."

அவர் கை தானா வலது காதுக்குப் போச்சு. அங்கேயே நின்னுது. கண்ணு தளும்பிடுச்சு. அவர் துடைச்சுக்கலை.

"படிச்சாளா?" ன்னு கேட்டார். "என்ன சொன்னா?"

"எழுதறதா இருந்தா எங்கப்பா பேரோட எழுதணுமாம். இல்லைன்னா வேண்டாமாம்."

டீச்சர் காப்பி டம்ளரை மேசையில வெச்சுட்டு, விலகாம அவர் பின்னாடியே நின்னாங்க. கோரா சார் மவுசைப் பிடிச்சு ஒவ்வொண்ணா திறந்தார், மூடினார். ஒன்றரைப் பக்கம் இருக்கிறது வந்ததும் நிறுத்தினார். முதல்ல 'தலைமுடியை'ங்கிறதை அழிச்சார். ஒத்தை விரலால அடிக்கற ஆளு, 'காதை'ன்னு அடிக்க ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டு முழுக்கத் தேடினார். பார்த்துட்டு நிக்கிறவளுக்குப் பொறுமை போயிடும்.

அப்புறம் அந்தக் காலி வரிக்கு வந்தார். எங்கப்பா பேரை நான் சொல்லலை. டீச்சரும் சொல்லலை.

அவர் விரல் தேடவே இல்லை. சுகதன்னு ஒரே ஓட்டமா அடிச்சுது. ஒரு எழுத்துக்குக் கூட நின்னு யோசிக்கலை. அந்தப் பதினேழுல ஒண்ணுலயும் இல்லாத பேரு. எத்தனை தடவை அடிச்சு, சேவ் பண்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை அழிச்சிருந்தா, அந்த விரலுக்கு அப்படி ஒரு பழக்கம் வந்திருக்கும்!

அடுத்து, 'இவர்களுக்கு ஒரே மகள்'னு அடிச்சு, என்னைக் கேட்காமலே என் பேரையும் அடிச்சார். அதுக்கும் விரல் தேடலை.

"சேவ் பண்ணு மோளே"ன்னு, முதல் தடவையா மகளேன்னு கூப்பிட்டுச் சொல்லிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டார்.

பண்ணினேன் மாமா, மூணு இடத்துல பண்ணினேன்னு சொன்னேன்.