ரிம் மருந்து

ஆகஸ்டு 11, திங்கள்.
இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கறுப்புக் காரின் பானட்டைத் துடைக்கும்போது துணி தரையில் விழுந்தது. விழுந்த துணியைத் துவைக்காமல் காரில் வைக்கக் கூடாது. நான் உதறிவிட்டு மறுபடி துடைத்தேன். மண் இருந்திருக்கிறது. கோடு கோடாகக் கீறல். யாரிடமும் சொல்லவில்லை.

மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் இதை எழுதிய தினேஸ்வரி, 'சிறு' என்பதை அடித்தாள். அடித்தது சரியா என்று தெரியாமல் மறுபடி எழுதினாள்.

மறுநாள் விடியும்போதே புந்தோங் கார் கழுவும் கடையில் ஒன்பது கார்கள் நின்றன. வெயில் ஏறினால் பாலிஷ் காய்ந்து திட்டுத் திட்டாய் ஒட்டிக்கொள்ளும். பவித்ரன் தண்ணீர் பீய்ச்ச, சீனி அண்ணன் பாலிஷ் மெஷினைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். துளசி அக்கா சக்கரத்தின் முன் குந்தி, அமிலம் கலந்த ரிம் மருந்தைத் தேய்த்தாள். மூக்கு எரிந்தது.

முதலாளி சதாசிவம் கறுப்புக் காரின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"கிளவ்ஸ்ல மண்ணு ஒட்டித்தான் இந்தக் கோடு. துளசி, நேத்து நீயும்தானே துடைச்சே? கழட்டு. எல்லாரும் கழட்டுங்க. இனி கடையில கிளவ்ஸே கிடையாது."

"மருந்து கையைத் தின்னுரும் பாஸ்," என்றாள் துளசி அக்கா.

"எஸ்டேட்டுல உங்காளுங்க வெறுங்கையால களை மருந்து அடிக்கலையா? செத்தா போனாங்க?"

"எங்கம்மா அடிச்சாங்க. கண்ணு போச்சு."

"பேச்சு நல்லா வருதுலா. வேலையப் பாரு."

தினேஸ்வரி தன் கிளவ்ஸைக் கழட்டிப் போட்டாள்.

ஐந்தாவதான வெள்ளைக் காரில் துளசி அக்காவின் விரல்கள் வெளுத்து, தோல் ஈரக் காகிதம்போல் உரிந்தது. அலறிக்கொண்டு கையை வாளியில் விட்டாள். தண்ணீர் சிவந்தது. சதாசிவம் ஓடி வந்தார், வெள்ளைக் காருக்கும் அவளுக்கும் நடுவில் நிற்க.

"தள்ளி நில்லு! கார் மேல ரத்தம் சொட்டப் போவுது!"

பவித்ரன் ஒரு புதுத் துணியை அவள் கையில் சுற்றப் போனான். அதையும் பிடுங்கினார். "பாலிஷ் துணிடா இது. பழசு எடு. துளசி, நீ நாளையிலேருந்து வர வேணாம்."

"பாஸ்." தினேஸ்வரி முன்னால் வந்தாள். "கீறல் போட்டது நான். துணி கீழ விழுந்துச்சு. அக்காவோட கிளவ்ஸ் இல்ல."

துளசி அக்கா அவளைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு இல்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

சதாசிவம் சிரித்தார். "அப்ப நீயும் கிளம்பு. கிளவ்ஸ் இல்லாமலே அஞ்சு கார் முடிஞ்சிருச்சே, இனி அது எதுக்கு?"

மெஷின் நின்றது. சீனி அண்ணன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.

"என்னாண்ணே, கரண்டு போச்சா?" என்றான் பவித்ரன், குழாயை மூடியபடி.

"கரண்டு இருக்குடா. நாமதான் போறோம்."

வெயில் ஏறியது. நான்கு கார்களில் நுரை காய்ந்து திட்டாகியது.

"கழுவுங்கடா! பெயிண்ட் போயிரும்!"

"நீங்க கழுவுங்க பாஸ். வெறுங்கை போதும்லா," என்றார் சீனி அண்ணன்.

"நாளைக்கே வேற ஆளு இறக்குவேன்!"

யாரும் திரும்பவில்லை. கிளினிக் பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் கிடத்தி, துளசி அக்கா சொன்னாள்: "நாளைக்கு கடை வாசல்ல, புது ஆளுங்ககிட்ட நீதான் முதல்ல பேசணும்."

"பேச்சு வருமான்னு தெரியலக்கா."

"இன்னிக்கு லேட்டா வந்துச்சு. நாளைக்கு நேரத்தோட வரட்டும்."

ஆகஸ்டு 12, செவ்வாய்.
நாளை காலை ஆறு மணிக்கு நான்கு பேரும் கடை வாசலில் நிற்க வேண்டும். புது ஆட்கள் வந்தால், அவர்கள் மருந்தைத் தொடும் முன் அக்காவின் கையைக் காட்ட வேண்டும். முதலில் நான் பேச வேண்டும்.