நான்கு அண்ணிகளும் ஒரு புழுவும்

பால்பவுடர் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நான்கு அண்ணிகளையும் அன்று மேலாளர் தனித்தனியாக விசாரித்திருந்தார். "டப்பாவுல புழு. எங்க அண்ணி அங்க லேப்ல இருக்காங்க, அவங்களே சொன்னாங்க" என்று யாரோ ஒருவன் ஊர் முழுக்கச் செய்தி அனுப்பிவிட்டான். யாருடைய அண்ணி என்று நாளைக்குள் தெரியாவிட்டால் நால்வருக்கும் வேலை போகும்.

நால்வரில் ஒருத்தி வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றுவதற்குள் கொழுந்தன் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்க்காத ஆள், வாசலிலேயே குழைந்தான்.

"அண்ணி, உங்க கம்பெனி ஷேர் ஐந்நூறு வச்சிருக்கீங்கல்ல? என் கணக்குக்கு மாத்திக் குடுங்களேன். ரெண்டே நாள்."

"எதுக்கு?"

"காலையில வித்துட்டேன்."

"எதை?"

"கையில இல்லாத ஷேரைத்தான். விலை விழுந்ததும் வாங்கி அடைச்சிடலாம்னு பார்த்தேன்."

விலை விழத்தான் செய்தது. இன்னும் விழட்டும் என்று உட்கார்ந்திருந்தான் மகராசன். மத்தியானம் புழு எதுவும் இல்லை என்று கம்பெனி சோதனை அறிக்கையை வெளியிட்டதும் விலை குபீரென்று ஏறி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சந்தை போட்டிருக்கும் உச்சவரம்பில் ஒட்டிக்கொண்டது. வாங்க நீண்ட வரிசை. விற்க ஒரு ஆள் இல்லை. விலை கண்டபடி ஆடக்கூடாதென்று போட்ட பூட்டுக்குள் ஐயா மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஷேரைக் குடுக்கலேன்னா சந்தைக்காரங்களே ஏலத்துல வாங்கி, அபராதத்தோட என் தலையில கட்டிடுவாங்க அண்ணி."

"விலை விழும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கொழுந்தன் காலண்டரைப் பார்த்தான்.

அவள் அடுப்படிக்குப் போய், கம்பெனி டப்பாவைத் திறந்து ஒரு டம்ளர் பால் கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

"குடி."

டம்ளரை எடுத்தான். உள்ளே உற்றுப் பார்த்தான். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான். வைத்துவிட்டான்.

"இப்பதான் காப்பி குடிச்சேன்..."

"த்தூ! நீயே விட்ட புழுடா அது. அதுக்கே பயப்படுறியா?"

மேலாளருக்குப் போன் போட்டாள். "சார், அந்த அண்ணி நான்தான். சொன்னது நான் இல்லை. சொன்னவன் இங்கதான் நிக்கிறான், பேசுவான்." போனை அவன் காதில் வைத்து அழுத்தினாள்.

"அண்ணி, ஷேரு..."

"முதல்ல பேசு."

திக்கித் திக்கி எல்லாவற்றையும் கக்கிவிட்டுப் படியிறங்கினான். ஷேர் கிடைக்கவில்லை. அவன் உதடுகூடப் படாத அந்த டம்ளரை அவள் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.