அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல்

"கையைத் தளர விடுங்க சார். காலு ரெண்டும் தரையில இருக்கட்டும்" என்றபடி நர்ஸ் மௌனிகா என் மேற்கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். ஆர்.எஸ்.புரத்து மருத்துவமனையின் இந்த அறைக்கு நான் வருவது மூன்றாவது முறை. அக்கா சித்திகாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. என்னுடையதில் ஒன்று அவளுக்குப் பொருந்துகிறது. ஆனால் போன இரண்டு முறையும் என் பிரஷர் எகிறிவிட்டது. இன்றும் அப்படியே இருந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆள் எங்கே இருக்கிறார்கள்? பேக்கரி டீயை விட்டேன், ஊறுகாயை விட்டேன். அந்தப் பாழாய்ப்போன எண் மட்டும் மசியவில்லை.

நர்ஸ் காற்றடிக்கத் தொடங்கியதும் பக்கத்து ஸ்டூலில் இருந்த அக்கா ஆரம்பித்தாள்.

"ஏங்கண்ணு சாஜித்து, மோட்டார நிறுத்திப்போட்டுத்தான வந்த?"

"நிறுத்திட்டேனுங்கக்கா."

"உம்மவ ஹிபா பரீட்ச எப்படி எழுதுனாளாம்?"

பெரியவர்கள் கேட்டதை அந்தரத்தில் விடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வாயில் சோறு இருந்தாலும் விழுங்கிவிட்டுப் பதில் சொல்வேன். அதையும் சொன்னேன்.

மௌனிகா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "பேசுனா ஏறுமுங்க சார். போன தடவையும் இப்படித்தான் பேசுனீங்களா?" பிறகு அக்காவிடம் திரும்பினார். "டயாலிசிஸுக்கு வாரப்பல்லாம் உங்களுக்கும் பிரஷர் பாக்கறமேங்க. பேசக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியுமுங்க" என்றாள். "அவனுக்குச் சின்னப் புள்ளைக ரெண்டு இருக்குதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டுமே பிரஷருக்கு ஆகாது. மௌனிகா அக்காவை வெளியே உட்காரச் சொன்னார். என்னைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சும்மா இருக்கச் சொன்னார்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது சின்ன வயதில் போன வால்பாறை பஸ்ஸின் உறுமலாகிவிட்டது. ஜன்னல் வழியாக மஞ்சு மூட்டம் உள்ளே வருகிறது. நான் தலையை வெளியே நீட்டுகிறேன். அக்கா என் மேற்கையைப் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் பிடி இறுகுகிறது, வளைவு முடிந்ததும் தளர்கிறது. சரியாகப் பட்டை சுற்றியிருக்கிற அதே இடத்தில். விழுந்துவிடுவேன் என்று அன்றைக்கும் அவளுக்குத்தான் பயம்.

"காத்த விடறப்போ மொதல்ல கேக்குற துடிப்பு மேல் எண்ணுங்க. துடிப்பு அடங்குற எடம் கீழ் எண்ணு" என்று எங்கோ தூரத்திலிருந்து மௌனிகாவின் குரல் கேட்டது. பட்டை இறுகியது. விரல் நுனிவரை மரத்தது.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா நின்றிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. என்னிடம் என்னவோ கேட்கிறாள். பதில் தொண்டைவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் மறுபடி கேட்டாள். பட்டையிலிருந்து காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.