கிளட்சைப் பிடித்துக்கொண்டு திரும்பியவன்

ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டப் பழகப் போகிறேன் என்று சொன்னதும் ஆபீசே சிரித்தது. நாற்பத்தாறு வயது, முன்னால் ஒரு தொப்பை, முத்தியால்பேட்டையிலிருந்து ஆபீசுக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஞாயிறு பூசைக்குப் போகும்போது, மாதா கோயில் திருப்பத்தில் என் மனைவி அகஸ்டினாவைக் கீழே போட்டுவிட்டேன். புதுப்புடவை கிழிந்தது, முட்டி சிராய்த்தது, பங்குச் சாமியாரே ஓடிவந்து தூக்கினார். "மணல் சறுக்கிடுச்சு சாமி" என்றேன். அன்றிலிருந்து அவள் என் வண்டியில் ஏறுவதில்லை. மூலக்குளத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக்கூட ஆட்டோதான். நான் பின்னாலேயே பைக்கில் போவேன், மந்திரிக்குப் பாதுகாப்புப் போகிற போலீஸ் மாதிரி. பத்தொன்பது வருஷம் பின்னால் உட்கார்ந்தவள் இல்லாமல் ஓட்டுவது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு டிராக்கில் ஒருநாள் பயிற்சி. வாடகைத் தோல் உடையின் ஜிப் தொப்புள் வரைதான் ஏறியது. பயிற்சியாளர் கோபிநாத்துக்கு என் வயதில் பாதி இருக்கும். அவர் சொன்னது சுலபம்: வண்டி நேராகப் போகும்போதே பிரேக் பிடிக்க வேண்டும், கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கிளட்சை விட வேண்டும், அப்புறம்தான் திரும்ப வேண்டும். எனக்குத் தெரியாததா என்று தலையாட்டினேன்.

முதல் வளைவிலேயே புல்லுக்குள் போய் நின்றேன். இரண்டாவது சுற்றில் நாலாவது கியரிலிருந்து ஒரேயடியாக முதலுக்கு இறக்கினேன். பின்சக்கரம் குதித்த குதியில் என் உயிரும் குதித்தது. மூன்றாவது சுற்றில் மறுபடி அதே புல்.

கோபிநாத் ஓடிவந்தார். "அலெக்சாண்டர் சார், திரும்பும்போது ஏன் சார் கிளட்ச்சப் புடிக்கிறீங்க? இன்ஜின் இழுத்துப் புடிக்க வுடவே மாட்றீங்களே. வண்டி அதுபாட்டுக்கு ஓடுது."

"பெட்ரோல் மிச்சமாவும்னு..."

அவர் என்னையே பார்த்தார். எங்கள் ஊரில் நூறடிக்கு ஒரு முனை. ஒவ்வொரு முனையிலும் கிளட்சை அமுக்கி உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று எங்கள் தெருவே நம்புகிறது. நான் கொஞ்சம் அதிகமாக நம்பிவிட்டேன்; மாதா கோயில் திருப்பத்திலும் அப்படித்தான் அமுக்கியிருந்தேன். அந்த டிராக்கைப் பெருக்கி எடுத்தாலும் ஒரு கைப்பிடி மணல் தேறாது. பழிபோட எதுவும் இல்லாமல் நின்றபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஒரு வளைவை ஒழுங்காகத் திரும்பினேன். ஒன்றே ஒன்று.

அடுத்த ஞாயிறு, அம்மா வீட்டுக்குக் கிளம்பி ஆட்டோ பார்க்க வெளியே வந்தவளிடம் சொன்னேன். "அன்னிக்கு மணல் இல்ல. நான்தான் தப்பா ஓட்டி உன்னத் தள்ளிட்டேன்."

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "பாதி வழி, சாரம் வரைக்கும் வரேன். அங்க எறக்கி வுட்டுடுங்க, ஆட்டோ புடிச்சிக்கிறேன்."

ஒவ்வொரு முனைக்கும் முன்பே பிரேக், ஒரு கியர் கீழே, கிளட்சை விடு, திரும்பு. சைக்கிளில் கீரை கொண்டுபோன ஒருவர் எங்களை முந்தினார். போகட்டும். சாரத்தில் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஓரம் கட்டினேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. என் பின்னாலிருந்து யாரும் இறங்கவில்லை.

"என்னா நிறுத்திட்டீங்க? அம்மா சோறு ஆக்கி வச்சிட்டுக் காத்துக்கினு இருக்கும். போங்க."