பயம் என்று எழுதியிருந்தது

"எட்டே வரிதாம்மா. படிச்சுப் பாத்துட்டுக் கீழே ஒரு கையெழுத்துப் போடு" என்று ஷம்சுதீன் பாய் காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

புஷ்பலதா படித்தாள். அவளுக்குத் தெரிந்தது கப்பல் ஆங்கிலம். துண்டு, தலையணை, மன்னிக்கவும், உள்ளே வரலாமா. அதை வைத்துக்கொண்டு முதல் மூன்று வரிகளைத் தாண்டினாள். நாலாவது வரியில் ஒரு நீளமான சொல் இருந்தது.

"இது என்ன பாய்?"

பாய் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அதுவா... மூடநம்பிக்கை. அதாவது நம்ம பக்கத்து நம்பிக்கைம்மா. பொணத்தைப் பாத்தா ஆவாது, அந்த மாதிரி. நீ அப்படிப் பழகினவ, சவப்பெட்டியைப் பாத்ததும் பயந்துட்டே, பயத்துல கை பட்டு அந்தப் பொம்பளை கேமரா விழுந்துருச்சுன்னு எழுதியிருக்காங்க."

"யாரு எழுதினது?"

"கம்பெனிதான். உனக்கு நல்லதுக்குத்தான். பயணியைத் தாக்கினாள்னு எழுதினா ஒன்னைய எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டான். பயந்துட்டாள்னு எழுதினா விட்டுருவான். மார்ச் மாசம் திரும்பவும் அதே கப்பல். நான் பேசி வாங்கின வார்த்தை இது."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ரங்கூனில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளில் தொலைபேசியை எடுத்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். பொட்டத்தாங் பக்கம் நாலாம் மாடியில் இருக்கும் அந்த அறைக்கு அவள் ஆறு வருடமாக ஏறி இறங்குகிறாள். நான்கு ஒப்பந்தமும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

"நான் பயப்படல பாய்" என்றாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சா எப்படி எழுதச் சொல்றீங்க?"

பாய் பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டார். "நாளைக்குப் பத்து மணிக்குள்ள வா. அதுக்கு மேல அவங்க வேற ஆளைப் போட்டுருவாங்க."

வீட்டுக்கு, இன்சீனுக்குப் போகும் வட்ட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது கடிதம் கைப்பைக்குள் இருந்தது. அவளுக்குக் காது மடல் வரை சூடாக இருந்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. திமிர் பிடித்தவள் என்று எழுதியிருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பாள். பயந்துவிட்டாளாம்.

முந்தைய மூன்று ஒப்பந்தங்களும் வெயில் கடல்களில். நாலாவதுதான் வடக்கே, கிரீன்லாந்துப் பக்கம். நூற்று அறுபது பயணிகள். கரையும் பனிமலையும் பார்க்க, மனிதக் காலடி படாத இடங்களுக்குப் போக, அங்கே வாழும் மக்களின் பண்பாட்டை அறிய என்று கப்பலின் புத்தகத்தில் போட்டிருந்தது. அவளுக்குப் பதினாறு அறைகள். பனிமலையை அவள் பார்த்ததெல்லாம் படுக்கை விரிப்பு மாற்றும்போது, மற்றவர்களின் ஜன்னல் வழியாக, விரிப்பின் நாலு மூலையையும் செருகி முடிப்பதற்குள் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. பனிப்பாறை உடைந்து கடலில் விழும்போது மேல்தளத்தில் எல்லோரும் ஓவென்று கத்துவார்கள். கீழே நடைபாதையில் அவளுக்கு அந்த அதிர்வு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பிடி வழியாகக் கைக்கு வரும். சாயங்காலம் ஒரு வழிகாட்டி ரப்பர் படகில் போய் ஒரு பனிக்கட்டியைத் தூக்கி வருவான். பத்தாயிரம் வருடத்துப் பனி என்று சொல்லி உடைத்து விஸ்கியில் போடுவார்கள். காலையில் கம்பளத்தில் ஊறியிருக்கும் பத்தாயிரம் வருடத்துத் தண்ணீரை அவள் துணியால் ஒற்றி எடுப்பாள்.

நாலாவது மாதம் அவளுக்கு முதல் முறையாகக் கரையில் இறங்க அனுமதி கிடைத்தது. சும்மா இல்லை; சூடான சாக்லேட் பானத்தின் பெரிய குடுவையைச் சுமந்து போய்க் கரையில் மேசை போட வேண்டும். பயணிகளுக்குக் கொடுப்பது போன்ற சிவப்பு மேல்சட்டை ஒன்றை அவளுக்கும் கொடுத்தார்கள். அவளைவிட இரண்டு சுற்றுப் பெரியது. ஊர் என்று நாற்பது வீடு இருக்கலாம், எல்லாம் மரவீடு, நீலமும் மஞ்சளுமாகச் சாயம் அடித்தது. பாறைமேல் சங்கிலியில் கட்டிய நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தன.

அன்று அங்கே ஒரு சாவு.

சின்னத் தேவாலயம் ஒன்றிலிருந்து வெள்ளைப் பெட்டியை ஆறு பேர் தூக்கி வந்தார்கள். பின்னால் ஊரே நடந்தது. வழிகாட்டி கைகாட்டி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். நமக்கு இன்று அதிர்ஷ்டம் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னான். பத்துப் பதினைந்து பேர் தள்ளித்தான் நின்றார்கள். அப்புறம் ஒருத்தர் இரண்டடி முன்னால் போனார். அவருக்கு மறைக்கிறது என்று இன்னொருத்தர் நாலடி போனார். முன்னூற்றுப் பதினோராம் அறையின் அம்மாள், முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்தவள், பெட்டிக்குப் பக்கவாட்டில் மண்டியே போட்டுவிட்டாள். பெட்டிக்குப் பின்னால் வந்த பெண்ணுக்குப் புஷ்பலதாவின் வயதுதான் இருக்கும். மகளாக இருக்க வேண்டும். கையை நீட்டி ஏதோ சொன்னாள். அது எந்த மொழியாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். லென்ஸ் அவள் முகத்துக்குத் திரும்பியது. அவள் இன்னொரு முறை சொன்னாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கேமரா டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

புஷ்பலதா குடுவையைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள். லென்ஸின் முன்னால் நின்று அதைக் கையால் கீழே அழுத்தினாள். அந்த அம்மாள் இழுத்தாள், இவள் விடவில்லை. பிறகு விட்டாள். கேமரா பாறையில் விழுந்தது.

கப்பலில் மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது அவளுக்கு ஒரு சொல்தான் வந்தது. முதல் வாரப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தில் 'சாரி' இருந்தது. 'நிறுத்து' இல்லை. சாரி என்றாள். அந்த ஒரு சொல்லை நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

அவளை இறக்கி ஊருக்கு அனுப்ப, அடுத்த துறைமுகம் வர நாலு நாள் ஆயிற்று. அதுவரை அதே பதினாறு அறைகள்தான். முன்னூற்றுப் பதினொன்றும் அதில் ஒன்று. அறைகளின் டிவியில் அந்தந்தப் பயணத்தில் பயணிகள் எடுத்துக் கொடுத்த படங்கள் இசையோடு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் அவள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு நீலப் பனிமலை, ஒரு வெள்ளைக் கரடி, அப்புறம் அந்த வெள்ளைப் பெட்டி, அதன் பின்னால் முகத்தை மூடிய பெண். பிறகு மறுபடியும் பனிமலை. கீழே எழுத்துக்கள் ஓடின. 'உள்ளூர்ப் பண்பாடு'. அவள் டிவியை அணைத்தாள். அடுத்த அறையில் அதே படம். அங்கேயும் அணைத்தாள். பதினாறு அறையிலும் அணைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் பதினாறிலும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவள் கணவன் சுந்தர் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து ஒரு செல்போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான். மூன்று வருடம் முன்புவரை மார்க்கெட்டில் அவனுக்குச் சொந்தக் கடை இருந்தது. அவனுக்கு முப்பத்துமூன்று. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கிற வயது. தெருமுனையைத் தாண்டிப் பல மாதம் ஆகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போகவும் ஆண்களுக்கு வழியில்லை. வீட்டில் கப்பலேறக் கூடியவள் அவள் மட்டும்தான். அதை அவன் வாயால் சொன்னதே இல்லை. அவள் வந்து இரண்டு மாதமாக ஏன் திரும்பி வந்தாய் என்றும் கேட்கவில்லை. சண்டை என்று அவள் சொன்னதோடு விட்டுவிட்டான்.

கடிதத்தைக் கொடுத்தாள். அவன் பத்தாவது வரை படித்தவன், ஆங்கிலம் இவளைவிட நன்றாக வரும். இரண்டு தரம் படித்தான்.

"போட்டுடு புஷ்பா. காகிதம்தானே" என்றான்.

"என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். நமக்குத் தெரியும் நீ யாருன்னு. அவங்களுக்கு என்ன தெரிஞ்சா என்ன?"

அப்போதுதான் அவள் முழுவதையும் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். டிவியில் ஓடிய படத்தைச் சொல்லும்போது கையில் இருந்த பையால் சுவரில் ஓங்கி அடித்தாள்.

சுந்தர் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திருப்புளியை உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "ஒங்கம்மா போனப்ப நீயும் போன்லதானே பாத்தே. கிட்டக் காட்டு, இன்னும் கிட்டக் காட்டுன்னு சொன்னே. நான் பொணத்து மேல குனிஞ்சு நின்னேன். எல்லாரும் என்னையப் பாத்தாங்க" என்றான்.

இரண்டாவது ஒப்பந்தத்தில் நடந்தது அது. கப்பலின் சாப்பாட்டு அறைக்குப் பின்னால், குளிர்பதனப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. நெற்றித் திருநீறு மட்டும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

"அது என் அம்மா" என்றாள்.

"நான் இல்லைன்னு சொல்லல."

"அந்த ஊர்ப் பொண்ணு தன் அம்மாவை யாருக்காச்சும் காட்டணும்னு ஆசைப்பட்டாளா? வேணாம்னு ரெண்டு வாட்டி சொன்னாளே. நீங்க குனிஞ்சு நின்னப்ப எங்கண்ணன் வேணாம்னு சொல்லியிருந்தா போனை மடக்கியிருக்க மாட்டீங்க?"

அவன் தலையசைத்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள். அவனிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது.

"அந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் நன்றி சொல்லல" என்றாள். "கேமரா விழுந்ததும் எல்லாரையும் பாத்து ஏதோ கத்தினா. என்னையும் சேத்துத்தான். என்னைப் பாத்துத்தான் ஜாஸ்தி கத்தினா. நான்தானே கிட்ட நின்னேன். நானும் அதே செவப்புச் சட்டைதானே போட்டிருந்தேன். கையைக் காட்டிப் போ போன்னா. நான் போயி குடுவையைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

இப்போது அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. சுந்தர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கடிதத்தை மறுபடி எடுத்து, அந்த நீளமான சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். வேலைக்காக வைத்திருந்த பேனாவை எடுத்துக் கடிதத்தின் பின்புறத்தைத் திருப்பினான்.

"சொல்லு. நான் இங்கிலீஷ்ல எழுதுறேன்."

"அப்புறம் மார்ச்சுல?"

"மார்ச்சு வரட்டும்."

அவன் முதலில் எழுதியது நீளமாக இருந்தது. 'பணிவுடன்', 'வருத்தத்துடன்' என்றெல்லாம் வந்தது. அவள் ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னாள். கடைசியில் ஐந்து வரி நின்றது. அவளே ஒரு சுத்தமான தாளில், பள்ளிக்கூடப் பிள்ளையின் பெரிய எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு அவள் மேசையில் வைத்த தாளை ஷம்சுதீன் பாய் வாய்விட்டே தமிழில் படித்தார்.

"நான் பயப்படவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னாள். கேமரா உடைந்தது என் கையால்தான். டிவியில் ஓடும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்." அவர் நிமிர்ந்தார். "கடைசி வரி எதுக்கும்மா? எடுன்னு சொல்றதுக்கு நீ அங்க யாரு?"

"அந்த டிவியைத் தெனமும் தொடச்சவ பாய்."

"இதை அனுப்பினா முடிஞ்சு போச்சு. மார்ச் மட்டும் இல்ல. ஒன் பேரு மத்த கம்பெனிக்கெல்லாம் போயிரும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

"வீட்ல சுந்தர்கிட்ட சொன்னியா?"

"அவருதான் எழுதினாரு. நான் பாத்து எழுதினேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தார். எழுந்து மூலையிலிருந்த ஸ்கேனரிடம் போனார். தாளை அதன் வாயில் வைத்து அமுக்கினார். ரோலர் தாளைப் பிடித்து உள்ளே இழுத்தது. முதல் வரி போயிற்று, இரண்டாவது போயிற்று. அப்போது மின்விசிறி தளர்ந்தது. விளக்கு போயிற்று. இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

தாள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றது. கடைசி வரியும் அவள் கையெழுத்தும் வெளியே தொங்கின.

பாயின் கை தாளின் ஓரம் வரை போனது. பிடித்து இழுத்தால் வந்துவிடும். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

கீழே தெருவில் யாரோ ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார்கள். அது இருமிவிட்டு அணைந்தது. மறுபடி இழுத்தார்கள். நாலாம் மாடியில் இருவரும் நின்றபடியே இருந்தார்கள். திறந்த ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று வந்து தாளின் வெளிப்பாதியை லேசாகத் தூக்கித் தூக்கி விட்டது.