தலையில்லாத படங்கள்

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், எதிரே நின்ற வெல்டரின் மனைவியை அப்படியே ஒரு படம் எடுத்தும் காட்டினார். தலை, தோள், கையில் மடித்த குடை, பின்னால் சுவர்க் கடிகாரம், எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

"யாரும்மா இதுல படம் எடுக்கிறது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப அவரைத்தான் ரிப்பேருக்குக் கொண்டு வரணும்."

சிரிக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கடைக்காரர் கேமராவை உறையில் போட்டுக் கொடுத்தார்.

வெல்டருக்குப் போன வருஷம் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினான். தரை இருந்தது, கால் இல்லை. ஒரு வாரத்தில் கையும் போயிற்று. என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டுக்கொண்ட டாக்டர் அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்: "நரம்புக்கு உள்ளே வயர் நல்லாத்தான் இருக்கு. மேல் உறைதான் கருகிப்போச்சு. திரும்ப வளரும். ஆனா நம்ம அவசரத்துக்கு வளராது."

ஏழு மாதத்தில் கால் திரும்பிவிட்டது, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போகிற அளவுக்கு. கை பாதிதான் வந்தது. பிடிக்கும், பிடித்திருக்கிறோம் என்று தெரியாது. ஒரு தட்டில் பொத்தானைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். மனைவி வேலை பார்க்கிற தையல் கம்பெனியில் பொத்தானுக்குப் பஞ்சமில்லை. அவன் ஒரு நாள் பொறுக்கினான். மறுநாள் தட்டையே தள்ளிவிட்டான்.

"தண்ணி லாரி டேங்க்கை ஒத்தைச் சொட்டு ஒழுகாம ஒட்டின கை இது. பொத்தான் பொறுக்கணுமா?"

அதற்குத்தான் மச்சினன் தன் பழைய கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணை ஒட்டவைத்துப் பார்க்கிற கேமரா. வளையத்தைத் திருப்பணும், பொத்தானை அமுக்கணும். விரலுக்கு இதுவும் பயிற்சிதான். முதல் படமே தன் நடைவண்டியைத்தான் எடுத்தான். படத்தைப் பெரிதாக்கி, கால் பொருந்துகிற இடத்தைப் பார்த்து, "எவன் ஒட்டினானோ, பல்லு விளக்கிக்கிட்டே ஒட்டியிருக்கான்" என்றான்.

அப்புறம் தெரு முழுக்க அவனுக்குப் படம்தான். எதிர்வீட்டு கேட், மாடிப்படிக் கைப்பிடி, பேருந்து நிற்குமிடத்து இரும்பு பெஞ்சு. எங்கெல்லாம் இரும்பும் இரும்பும் சேர்ந்திருந்ததோ அங்கெல்லாம் போய் நின்றான். எதிர்வீட்டு கேட் அவனே செய்தது. அதை மட்டும் நாற்பது தடவை எடுத்தான். மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. நாற்பதிலும் மேல்பாதி கிடையாது, தரைதான். ஆட்களை எடுத்தாலும் அதே கதி. மச்சினனுக்கு இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை. மனைவிக்கு வெறும் பாதம்.

"செருப்புக் கடைக்காரன்கூட இத்தனை காலைப் பார்த்திருக்க மாட்டான்," என்றாள் அவள்.

கை நடுக்கம்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு அவனை அரித்தது. பட்டறை போர்மேன் மாதக் கடைசி வரைக்கும் அவன் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் மேடை. இப்போதைக்கு அங்கே கட்டை என்கிறவன் வேலை பார்க்கிறான். பெயர்தான் கட்டை, ஆள் ஆறடி. மாதக் கடைசிக்குப் பிறகு மேடை யாருக்கு என்பதுதான் கேள்வி.

கேமராக் கடையிலிருந்து வந்த மனைவி குடையைக்கூட மாட்டாமல் அவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "எடுங்க. நான் பார்க்கிறேன்."

அவன் கேமராவைக் கண்ணில் வைத்தான். விரல் இறங்கியது. இறங்கிய அதே நொடியில் முகவாய் வெடுக்கென்று நெஞ்சில் போய் இடித்தது. கேமராவும் கூடவே குனிந்தது.

"தலையை ஆட்டுறீங்க."

"நானா?"

"இன்னொண்ணு எடுங்க." மறுபடியும் வெடுக். "பாருங்க. கண்ணையும் மூடிக்கிறீங்க."

அவன் கேமராவை மடியில் வைத்தான். பட்டறையில் ஒரு கையில் வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டர், இன்னொரு கையில் இரும்பு, முகமூடி நெற்றிக்கு மேலே. ராடு இரும்பைத் தொடுவதற்குக் கண்சிமிட்டும் நேரம் முன்னால் தலையை ஒரு வெட்டு வெட்டினால் முகமூடி தானாக விழும். அரை நொடி பிந்தினால் பொறி வெளிச்சம் பட்டு ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷம். ஒரு நாளைக்கு இருநூறு வெட்டு.

நோய் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நான் வீட்டுல படுத்துக் கிடக்கிறேன். கழுத்து மட்டும் தினம் வேலைக்குப் போய்ட்டு வருதுடி."

அன்றிலிருந்து தலை வெட்டிய படங்களை அழிக்கவே விடவில்லை. பயிற்சிப் பெண், "ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டு அமுக்குங்கண்ணா, பழக்கம் விட்டுடும்" என்றாள். "விட வேணாம்மா" என்றான். "படம் போனாப் போகட்டும். எனக்கு அது இருக்கட்டும்."

மாதக் கடைசிக்கு நாலு நாள் முன்னால் அவனே பட்டறைக்குக் கிளம்பினான். மனைவி அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தாள். கேமரா கழுத்தில் தொங்கியது. வாசலிலேயே கருகிய பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. அவன் நடைவண்டியை நிறுத்தி இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டான், வெகுநாள் பசிக்காரன் மாதிரி.

கட்டை ஓடிவந்தான். "வாங்கண்ணே. அண்ணி, பார்த்து, வயர் கிடக்கு." கையில் வெல்டரின் முகமூடி. "பட்டையை நான் தொடவே இல்லண்ணே. உங்க தலை அளவுலதான் இருக்கு. நான் வேற போட்டுக்கிறேன்."

போர்மேன் இரண்டு பட்டை இரும்பை மேடையில் சேர்த்து வைத்தார். "ஒரு சாண் நீளம் ஓட்டு. பார்ப்போம்."

முகமூடியை மாட்டினான். உள்பட்டையில் அவனுடைய பழைய வியர்வை வாடை. தலையை வெட்டினான். மூடி விழுந்தது. சுற்றிலும் இருட்டு. அந்த ஒரு கணம் அவன் நோயாளியாக இல்லை.

ராடு தொட்டது, ஒட்டிக்கொண்டது. முறுக்கிப் பிடுங்கினான். மறுபடியும் ஒட்டியது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொன்னால்தானே? மூன்றாவது தடவை பொறி பிடித்தது. இரண்டு விரற்கடை ஓடி, கோட்டை விட்டு விலகி, இரும்பில் ஓட்டை போட்டுவிட்டு அணைந்தது.

போர்மேன் சுத்தியால் கசடைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். இந்த மாதிரி ஒட்டியவனை அவர் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைவார். வெல்டர் அதற்காகத்தான் காத்து நின்றான். திட்டினால் வேலைக்காரன் என்று அர்த்தம்.

அவர் திட்டவில்லை. ஓட்டையை விரலால் ஒரு தடவை தடவினார். "உடம்பைப் பாருப்பா," என்றார் மெதுவாக. "மூணாம் மேடையைக் கட்டைக்கே குடுத்துடறேன். கை வரட்டும், அப்புறம் பேசுவோம்."

"சரிண்ணே."

கட்டை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா நிக்கிறே? வேலையைப் பாரு," என்றான் வெல்டர். "நான் ஒரு படம் எடுத்துக்கிறேன்." முகமூடிக்குப் போடுகிற மாற்றுக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி மனைவியிடம் கொடுத்தான். "இதை லென்சுக்கு முன்னாடி பிடி. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ, கண்ணு போயிடும்."

கேமராவுக்குள்ளும் முகமூடிக்குள் இருந்த அதே இருட்டு. கட்டை ராடை வைத்தான். இருட்டில் பச்சையாக ஒரு நட்சத்திரம் எழுந்தது. வெல்டர் அமுக்கினான்.

படத்தில் நட்சத்திரம் இருந்தது. அதன் வெளிச்சம் பட்ட இரண்டு கைகள் இருந்தன. அதற்கு மேலே, மங்கலாக, முகமூடி போட்ட ஒரு தலை முழுசாக இருந்தது.

"அண்ணே, எனக்குத் தலை இருக்கு," என்றான் கட்டை. மற்ற மேடைக்காரர்கள் கூடிவந்து பார்த்தார்கள். மனைவி மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. கணவன் கழுத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அவன்தான் பேச்சை எடுத்தான். "கறுப்புக் கண்ணாடி இருந்துச்சுல்ல, ஏற்கெனவே இருட்டு. அதான் ஆட்டலை. வேற ஒண்ணுமில்லை."

"அப்படியா?"

"பின்னே?"

அவள் பட்டறை கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப என்னை ஒண்ணு எடுங்க. கண்ணாடி கிண்ணாடி இல்லாம. எப்பவும் போல எடுங்க."

"வெயிலா இருக்கு."

"பரவால்ல, எடுங்க."

நடைவண்டியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தான். நெற்றியில் விழுந்த ஒற்றை முடி வரைக்கும் அவள் தெளிவாகத் தெரிந்தாள். இடது கண்ணை மூடினான். விரல் இறங்கியது.

தலையும் ஆடியது. ஆனால் கிளிக் சத்தம் முதலில் வந்துவிட்டது. அரை நொடி பிந்தி, ஞாபகம் வந்தவன் மாதிரி, முகவாய் நெஞ்சில் போய் இடித்தது.

அவள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். உச்சி வகிட்டிலிருந்து செருப்பு வரை ஒன்றும் குறையாமல் நின்றாள். பின்னால் கேட்டும் முழுசாக இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளை இவ்வளவு நல்லபடியாக யாரும் எடுத்ததில்லை.

"நல்லா இல்லை, தலை இருக்கு," என்றாள். "இன்னொண்ணு எடுங்க."

அவன் புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் கேமராவைத் தூக்கினான்.