பெயர்ச்சீட்டு இல்லாத செங்கல்

செங்கல் சிவப்பாக இருந்தது. நேற்று மாலை வரை அதன் முதுகில், நகக்கண் அளவுகூட இல்லாத பச்சை ஏடுகள் நெருக்கமாக ஒட்டிக்கிடந்தன. தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீட்டின் கடைசி அலமாரிக்கு முன்னால் அவள் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

“ஒரே பாசி அண்ணி. வழுக்கி விழுந்துருவாங்க யாராவது. தேய்ச்சு எடுத்துட்டேன்,” என்றாள் நாத்தனார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். அண்ணியின் சிபாரிசுக்குப் பழுது வரக்கூடாதென்று எல்லோருக்கும் முன்னால் வந்து தேய்த்திருந்தாள்.

“அலமாரில இருக்கிற செங்கல்ல யாருடி வழுக்கி விழுவாங்க?”

அது பாசி இல்லை. ஒரு பெரணியின் பிள்ளைப்பருவம். அது வளர்ந்த பாறை இப்போது அணைக்கட்டுத் தண்ணீருக்கு அடியில். தோட்டத்தில் இருந்த ஒற்றைத் தாய்ச்செடியும் போன கோடையில் குளிரூட்டி நின்றுபோன இரண்டே நாளில் கருகிவிட்டது. அதற்கு முன்பே அதன் இலையடியில் இருந்த, விதைபோன்ற பழுப்புத் தூளைத் தட்டியெடுத்து, கிருமி போக வேகவைத்து ஆற்றிய செங்கல்லில் தூவியிருந்தாள். உலகத்தில் அதன் மிச்சம் அவ்வளவுதான். சீட்டு எழுதி வைக்கவில்லை. அரிய செடிகளுக்கு இங்கே பெயர் எழுதமாட்டார்கள். எழுதியவை எல்லாம் திருடு போயிருந்தன. திருடனுக்குப் பயந்தவள் வீட்டு மனுஷிக்குச் சொல்ல மறந்திருந்தாள்.

அவள் இதைச் சொல்லி முடித்ததும் நாத்தனார் குனிந்து செங்கல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். “போனது போச்சு, விடும்மா. அந்த இடத்துல ஆர்க்கிட் வெச்சுடலாம். வர்றவங்களும் பூவத்தானே பாக்கறாங்க.”

“அலமாரி எனக்கு வேணும் சார்,” என்றாள் அவள், திரும்பாமலேயே. பிறகு நாத்தனாரிடம், “தேய்ச்ச தண்ணி?”

“சாக்கடைல ஊத்திட்டேன்.”

“சோப்பு போட்டியா?”

“தீந்துபோச்சு அண்ணி. வெறும் தண்ணிதான்.”

“பிரஷ் எங்க?”

வாளிக்குள் கிடந்தது. இன்னும் அலசவில்லை. நார்களின் இடுக்கில், பல்லில் சிக்கிய கீரைபோல் பச்சை. பிய்ந்த துண்டுகள்தான். பிய்ந்த துண்டும் சில நேரம் பிழைக்கும். எத்தனை பிழைக்கும் என்று அவள் யோசிக்க மறுத்தாள். மண்ணை வேகவைக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.

“நான் வேலைய விட்டுப் போயிடறேன் அண்ணி.”

“வீட்ல ஒரு டம்ளர் கழுவச் சொன்னா மூஞ்சியத் தூக்குவ. இங்க வந்து சுத்தம் பண்ண அரிச்சுதா உனக்கு? இப்ப நீ போனா லென்ஸ யாரு புடிப்பாங்க? உக்காரு. கை நடுங்காம புடி.”

நாத்தனார் உட்கார்ந்தாள். இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்து ஒரு தொட்டியின் ஆறிய மண்ணில் வைத்தாள் அவள். மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது; இருவரும் எழவில்லை. இடுக்கிக்கு எட்டாதவை நாரின் அடியில் தங்கிவிட்டன. அவள் பிரஷ்ஷை ஒருகணம் பார்த்தாள். பிறகு அதையே கவிழ்த்து, இன்னொரு தொட்டியின் மண்ணில் நட்டாள். இரண்டையும் கண்ணாடிக் குடுவைகளால் மூடினாள்.

“பிரஷ்ஷுக்கா தண்ணி ஊத்தப்போறோம்?” நாத்தனாருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

“தெளிக்கணும். ஊத்தக்கூடாது. காலைல நீ, சாயங்காலம் நான்.”

மறுநாள் அவள் வந்தபோது நாத்தனார் தெளிப்பானோடு அலமாரிமுன் நின்றிருந்தாள். பிரஷ் இருந்த குடுவையின் உட்புறம் முழுக்கப் பனித்திருந்தது. உச்சியில் திரண்ட ஒரு துளி கண்ணாடியோடு மெல்ல வழிந்து, நார்கள் புதைந்திருந்த மண்ணில் இறங்கியது.